தடித்த சரிவெழுத்து: அமைப்பும் பயன்பாடும்

(க.பொ.த. சாதாரண தரத்தில் சித்திரம், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஆகிய பாடங்களைக் கற்போருக்கு உரியது)



கல்முனைப் பிரதான வீதியால் ஒரு தடவை நடந்து செல்லுங்கள். கடைப் பெயர்ப்பலகைகளையும் தனியார் பஸ்களின் முன் கண்ணாடியையும் ஓட்டோக்களின் பின்புறத்தையும் பாருங்கள். பெருநாள் காலத்தில் ‘மலிவு விற்பனை’ என்று தொங்கும் பதாகைகளைப் பாருங்கள். சாய்ந்தமருதுக் கரையில் இழுத்து வைத்திருக்கும் தோணிகளில் எழுதியுள்ள பெயர்களையும் விளையாட்டுக் கழகங்களின் ரீசேட்டுகளையும் பாருங்கள். இவற்றில் பலவற்றில் எழுத்துகள் தடிப்பாகவும் வலப்பக்கம் சரிந்தும் இருப்பதைக் காண்பீர்கள். அதே வீதியிலுள்ள வங்கியின் அறிவித்தலிலோ உங்கள் பாடப்புத்தகத்தின் பக்கத்திலோ இந்த எழுத்தைக் காண்பது அரிது.

ஏன் இந்த வேறுபாடு? எழுத்தைச் சரிப்பதால் என்ன கிடைக்கின்றது? எதை இழக்கின்றோம்? இவ்வினாக்களுக்குத் தெளிவாக விடை சொல்லக்கூடிய மாணவர் சுவரொட்டி, நூலட்டை, விளம்பரம் பற்றிய வினாக்களில் தடுமாற மாட்டார்.

இப்பாடத்தின் முடிவில் நீங்கள்

1. தலைப்பு எழுத்துரு, வாசிப்பு எழுத்துரு ஆகியவற்றை வேறுபடுத்துவீர்கள்.
2. தடிப்பும் சரிவும் தமிழ் எழுத்தில் ஏற்படுத்தும் மாற்றங்களை விளக்குவீர்கள்.
3. தடித்த சரிவெழுத்தைச் சரியான அளவில் வரைவீர்கள்.
4. அதனை எங்கே பயன்படுத்தலாம், எங்கே தவிர்க்க வேண்டும் என்பதைக் காரணத்துடன் எழுதுவீர்கள்.

1. கலைச்சொற்கள்

எழுத்துரு: ஒரே பாணியில் அமைக்கப்பட்ட எழுத்துகள், இலக்கங்கள், குறியீடுகள் ஆகியவற்றின் தொகுதி.

வாசிப்பு எழுத்துரு: பந்தி பந்தியாக நீண்ட நேரம் வாசிப்பதற்கானது. கண் அதனைத் தனியே கவனிப்பதில்லை. நீங்கள் இப்போது வாசிக்கும் எழுத்து இவ்வகையினது.

தலைப்பு எழுத்துரு: சில சொற்களைப் பெரிதாகக் காட்டுவதற்கானது. முதலில் கண்ணை இழுப்பதே இதன் வேலை.

தடிப்பு: எழுத்தின் கோடு எவ்வளவு அகலமானது என்பது.

உள்வெளி: எழுத்தின் கோடுகளுக்கு இடையில் அடைபட்ட வெற்றிடம். ண, ள, ற போன்ற எழுத்துகளில் இது முக்கியமானது.

சரிவு: நிலைக்குத்திலிருந்து எழுத்து விலகி நிற்கும் கோணம். பொதுவாக 8 பாகை முதல் 15 பாகை வரையில் அமையும்.

தளக்கோடு: எழுத்துகள் அமர்ந்திருக்கும் கிடைக்கோடு. எழுத்து எவ்வளவு சரிந்தாலும் தளக்கோடு கிடையாகவே இருக்கும். சில மாணவர் வரியையே மேல்நோக்கிச் சாய்த்து எழுதிவிட்டு அதனைச் சரிவெழுத்து என்கின்றனர். அது சரிந்த வரியே அன்றிச் சரிவெழுத்து அன்று.

2. வரலாற்றுச் சுருக்கம்

சரிந்த அச்செழுத்து முதலில் விளம்பரத்துக்காகத் தோன்றவில்லை. இத்தாலியின் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர் 1501 இல் வேர்ஜிலின் கவிதை நூலைச் சிறிய அளவில் சரிவெழுத்தில் வெளியிட்டார். அந்த எழுத்தை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்காலத்து அறிஞர்களின் வேகமான கையெழுத்தைப் பின்பற்றி அது அமைந்தது. எனவே முழு நூலையும் வாசிப்பதற்கான எழுத்தாகவே சரிவெழுத்து பிறந்தது. ஒரு சொல்லை அழுத்திக் காட்டுவதற்கு அதைப் பயன்படுத்தும் வழக்கம் பின்னர் வந்ததாகும்.

தடித்த எழுத்து வேறு தேவையிலிருந்து வந்தது. கைத்தொழிற் புரட்சியின் பின் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் போன்ற நகரங்களின் சுவர்களில் விளம்பரங்கள் பெருகின. ஒன்றோடொன்று போட்டியிட்ட அந்தச் சுவரொட்டிகளுக்கு மிகத் தடித்த எழுத்துகள் வார்க்கப்பட்டன. அவற்றுள் சரிந்த வகைகளும் இருந்தன. ஈயத்தில் பெரிய எழுத்து வார்த்தால் பாரம் கூடும், செலவும் கூடும். இதனால் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் 1827 இல் மரத்தில் எழுத்து வெட்டும் இயந்திர முறையைக் கொண்டுவந்தார். ‘தடிப்பும் சரிவும் தெருவுக்கு வந்தது சுவரொட்டியினால்’ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

20 ஆம் நூற்றாண்டில் இரண்டு உதாரணங்கள் உங்களுக்குப் போதுமானவை.

(அ) பியூச்சுரா: ஜேர்மனியைச் சேர்ந்த போல் ரென்னர் வடிவமைத்து 1927 இல் வெளிவந்தது. வட்டம், நேர்கோடு போன்ற கேத்திரகணித வடிவங்களை அடிப்படையாகக் கொண்டது. இதன் தடித்த சரிந்த வகையைச் சிவப்புப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்தாகப் பயன்படுத்திப் புகழ்பெற்றவர் அமெரிக்க ஓவியரான பார்பரா குரூகர். அவர் சொற்களையே ஓவியமாக்கினார்.

(ஆ) பாங்கோ: பிரான்சின் ரொஜர் எக்ஸ்கொஃபோன் வடிவமைத்து மார்செய் நகரின் ஒலிவ் வார்ப்பகம் 1951 இல் வெளியிட்டது. தடித்தது, வலப்பக்கம் சரிந்தது, பேரெழுத்துகளை மட்டும் கொண்டது. உலோகத் தகட்டை வெட்டி வளைத்தது போல, மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இதன் கோடுகள் செல்லும். சிற்றெழுத்தே இல்லாத எழுத்துருவில் ஒரு பந்தியை அமைக்க முடியாது. தலைப்புக்காக மட்டும் பிறந்த எழுத்துருவுக்கு இது தக்க உதாரணம்.

உங்களுக்குப் பழக்கமான சின்னங்களிலும் இதனைக் காணலாம். காசு எடுக்கும் இயந்திரத்தில் ஒட்டியுள்ள ‘விசா’ சின்னத்தின் எழுத்துகளும் ‘பாட்டா’ செருப்புக் கடையின் சிவப்பு எழுத்துகளும் சரிந்தவையே. ஆனால் விசாவின் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. பாட்டாவின் எழுத்துகள் கையெழுத்துப் போல் ஓடுபவை.

3. தமிழ் எழுத்தின் பழைய நிலை

தமிழ் எழுத்து ஓலையில் வளர்ந்தது. எழுத்தாணி ஓலையைக் கீறும்போது கோடு எங்கும் ஒரே மெல்லிய அளவாகவே இருக்கும். ஆகவே ‘தடித்த எழுத்து’ என்பதற்கு ஓலையில் இடமில்லை. புள்ளி குத்தினால் ஓலை சேதமாகும் என்பதால் ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் விடுவதும் வழக்கமாக இருந்தது. படிப்பவர் இடமறிந்து வாசித்தார்.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட நூல்களுள் இன்று கிடைக்கும் பழைய நூல் ‘தம்பிரான் வணக்கம்’. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் 1578 இல் கொல்லத்தில் அச்சிட்ட இந்நூல் 16 பக்கங்களைக் கொண்டது. அச்சு வளர்ந்த பின்னரே தலைப்புக்குப் பெரிய, தடித்த எழுத்து என்ற எண்ணம் தமிழில் வேரூன்றியது. பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் வேண்டிய தடித்த, சரிந்த தலைப்பு ஈய எழுத்தில் இல்லாதபோது ஓவியரே அதைக் கையால் வரைந்தார். அதிலிருந்து ‘புளொக்’ செய்து அச்சிட்டனர். தெருவில் அதே வேலையைப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர்கள் செய்தனர்.

ஆகவே சரிவெழுத்து உரோம எழுத்தில் கையெழுத்திலிருந்து அச்சுக்குப் போய் ஒரு தனி வடிவமாகவே நிலைத்துவிட்டது. தமிழில் அவ்வாறான நீண்ட அச்சு மரபு இல்லை. தமிழில் சரிவைக் கொண்டுவந்தது பெரும்பாலும் ஓவியரின் தூரிகையே. இந்த வேறுபாட்டை விடையில் எழுதுவது பயன் தரும்.

4. தடிப்பு தமிழ் எழுத்தை என்ன செய்கின்றது?

உரோமப் பேரெழுத்துகளுட் பலவற்றில் இரண்டு அல்லது மூன்று கோடுகளே உள்ளன. தமிழில் ண, ஞ, ஐ, இ போன்றவற்றில் கோடு பல தடவை வளைந்து திரும்புகின்றது. உயரத்தையும் அகலத்தையும் மாற்றாமல் கோட்டை மட்டும் தடிப்பாக்கினால் உள்வெளி அடைபட்டுவிடும். அப்போது பின்வரும் குழப்பங்கள் ஏற்படும்.

(அ) ண – ன குழப்பம்: ண, ன இரண்டையும் வேறுபடுத்துவது சுழிகளின் எண்ணிக்கையே. சுழி அடைபட்டால் ‘மணம்’ எது, ‘மனம்’ எது என்று தெரியாது.

(ஆ) ஒற்றைக்கொம்பு – இரட்டைக்கொம்பு குழப்பம்: கொம்பின் சிறு சுழிகள் மையில் அமிழ்ந்தால் ‘கெடு’, ‘கேடு’ என்பன ஒன்றாகத் தெரியும். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றத்துக்கு ஒரு பதாகை வரைகின்றீர்கள் என வைத்துக்கொள்வோம். கொம்பு தெளிவில்லாவிட்டால் வெளியூரிலிருந்து வருபவர் ‘கோடியேற்றம்’ என்று வாசித்து யோசிப்பார்.

(இ) புள்ளி மறைதல்: மிகவும் கவனிக்க வேண்டியது இதுவே. எழுத்து தடித்து மேலெழும்போது புள்ளி அதனுடன் ஒட்டிக்கொள்ளும். அல்லது தடித்த எழுத்தின் முன் சிறிதாகித் தெரியாமற் போகும்.

எங்கள் வகுப்பு மாணவி ஒருவர் பாடசாலைக்காக ஒரு சுவரொட்டி வரைந்தார். தலைப்பு ‘பல் பாதுகாப்பு வாரம்’. எழுத்துகள் நல்ல தடிப்பு, நல்ல சிவப்பு. ‘ல்’ என்ற எழுத்தின் புள்ளியை மட்டும் பேனை முனையளவில் வைத்திருந்தார். வகுப்பின் பின் வாங்கிலில் இருந்தவர்கள் ‘பல பாதுகாப்பு வாரம்’ என்று வாசித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் பரீட்சை மண்டபத்தில் சிரித்துத் திருத்திக்கொள்ள இரண்டாவது தடவை கிடைக்காது.

நீங்கள் குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய ஆரம்ப நாட்களை நினைத்துப் பாருங்கள். பே, தே, ஸே என்ற மூன்று அரபு எழுத்துகளுக்கும் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேறுபாடு. அங்கே புள்ளியை அலங்காரமாக யாரும் நினைப்பதில்லை. புள்ளியும் எழுத்தின் உறுப்பே. தமிழ்ப் புள்ளியையும் அவ்வாறே கருதுங்கள்.

அரபு எழுத்தணிக் கலையிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். பக்தாதில் வாழ்ந்து 940 இல் மரணமான இப்னு முக்லாவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அளவு முறையில், எழுத்தின் உயரமும் அகலமும் பேனா முனை இடும் சாய்சதுரப் புள்ளியின் எண்ணிக்கையால் அளக்கப்படுகின்றன. அதாவது கோட்டின் தடிப்பே அளவுகோல். தமிழ்த் தலைப்பு எழுத்து வரையும்போதும் இம்முறை உதவும். ‘எனது கோட்டின் தடிப்பைப் போல் ஆறு மடங்கு உயரம்’ என்று முதலில் தீர்மானித்துவிட்டால் எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமற் போகாது.

தடிப்புக்கான விதிகள்:

• எழுத்தைத் தடிப்பாக்கும்போது அகலத்தையும் கூட்டுக.
• சுழிகள் கூடிய எழுத்துகளில் கோட்டைச் சற்று மெல்லியதாக்குக. கண்ணுக்கு ஒரே தடிப்பாகத் தெரிந்தாற் போதும். அடிமட்டத்தில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.
• உள்வெளி, கோட்டுத் தடிப்பின் பாதியிலும் குறையாதிருக்கட்டும்.
• புள்ளியின் விட்டம் கோட்டுத் தடிப்புக்குச் சமமாகவும், எழுத்திலிருந்து அதன் இடைவெளி தடிப்பின் பாதியளவாகவும் இருக்கட்டும்.

5. சரிவு தமிழ் எழுத்தை என்ன செய்கின்றது?

நாம் ஓடும்போது உடல் முன்னோக்கிச் சாய்கின்றது. இடமிருந்து வலமாக வாசிக்கும் மொழியில் வலப்பக்கம் சரிந்த எழுத்து முன்னோக்கி ஓடுவது போன்ற உணர்வைத் தருவதற்கு இதுவே காரணம் எனலாம். வேகம், உற்சாகம், போட்டி, புதுமை, அவசரம் ஆகிய கருத்துகளுக்கு இது பொருந்தும். தடிப்பு இதனோடு சேரும்போது பலமும் சேர்கின்றது. ‘பலத்தோடு கூடிய வேகம்’ என்பதே தடித்த சரிவெழுத்தின் குணம்.

ஆனால் சரிவு பின்வரும் இடங்களில் கவனத்தை வேண்டுகின்றது.

(அ) ட, ப, ம போன்ற நிலைக்குத்துக் கோடுள்ள எழுத்துகள் சரிவை நன்றாகக் காட்டும். ஒரு சொல்லில் இவை இருந்தால் சரிவு தெளிவாகத் தெரியும். ல, வ, ள போன்ற வளைவான எழுத்துகள் மட்டும் உள்ள சொல்லில் சரிவு குறைவாகவே தெரியும். எனவே எல்லா எழுத்துக்கும் ஒரே வழிகாட்டிக் கோடு இட வேண்டும்.

(ஆ) ‘ர’ என்ற எழுத்தைக் கால் குறியிலிருந்து வேறுபடுத்துவது அதன் கீழே இடப்பக்கம் இறங்கும் சிறு வால். சரிவில் அந்த வால் முன் எழுத்தோடு முட்டலாம். முட்டுகின்றதே என்று அதை வெட்டிவிட்டால் ‘ர’ காலாகிவிடும்.

(இ) கி, மீ, தி போன்றவற்றின் விசிறி மேலே வலப்பக்கம் நீளும். எழுத்து வலப்பக்கம் சரியும்போது அது அடுத்த எழுத்தின் இடத்துக்குள் புகும். அவ்விடத்தில் எழுத்திடைவெளியைச் சற்றுக் கூட்டுக.

(ஈ) புள்ளியும் சரிவோடு நகர வேண்டும். எழுத்தின் நடுவுக்கு நேர்மேலே வைத்தால் புள்ளி பின்தங்கியது போல் தெரியும். வழிகாட்டிக் கோடு செல்லும் திசையில் சற்று வலப்பக்கம் வைக்க வேண்டும்.

6. உண்மைச் சரிவும் போலிச் சரிவும்

கணினியில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டச்சு செய்து சரிவுப் பொத்தானை அழுத்துகின்றீர்கள். அந்த எழுத்துருவுக்கெனச் சரிந்த வடிவம் வரையப்பட்டிருந்தால் கணினி அதனைக் காட்டும். இல்லாவிட்டால் நேர் எழுத்தை மேற்பக்கம் பிடித்து வலப்பக்கம் தள்ளிக் காட்டும். சீட்டுக் கட்டு ஒன்றை மேசையில் வைத்து மேற்பக்கத்தை மெதுவாகத் தள்ளினால் எப்படிச் சரியுமோ அப்படி. இதனையே போலிச் சரிவு என்கின்றோம்.

தள்ளும்போது என்ன நடக்கின்றது என்பதை ஒரு வட்டத்தைக் கொண்டு அறியலாம். ஒரே தடிப்புள்ள வட்ட வளையத்தைத் தள்ளிச் சரித்தால் அதன் மேல்வலப் பகுதியும் கீழிடப் பகுதியும் தடிக்கும். மேலிடப் பகுதியும் கீழ்வலப் பகுதியும் மெலியும். தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் வளைவானவை. எனவே போலிச் சரிவில் தமிழ் எழுத்து வீங்கியும் மெலிந்தும் தெரியும். எழுத்து தடிப்பாக இருந்தால் இக்குறை இன்னும் பெரிதாகும். கையால் வரையும் ஓவியர் வளைவுகளைத் திருத்தி எங்கும் ஒரே தடிப்பாக்குவார். கணினி தானாக அதைச் செய்வதில்லை.

உரோம எழுத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. கையெழுத்தைப் பின்பற்றி எழுத்தின் வடிவமே மாறினால் அது ‘இத்தாலிக்’. வடிவம் மாறாமல் சரிவு மட்டும் இருந்தால் அது ‘ஒப்லிக்’. பியூச்சுராவின் சரிந்த வகை இரண்டாவது பிரிவைச் சேர்ந்தது.

7. கணினித் தமிழில் சில உதாரணங்கள்

இலங்கையில் நீண்டகாலம் அச்சகங்களில் பரவலாக வழங்கிய எழுத்துரு ‘பாமினி’. இது ஒருங்குறி முறைக்கு வெளியே அமைந்தது. எனவே பாமினியில் தட்டச்சு செய்ததை அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளே வரும். 1991 இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஒருங்குறி எழுத்துருக்கள் பெருகிய பின் ஒரே சொல்லைப் பல பாணிகளில் மாற்றிப் பார்ப்பது இலகுவாயிற்று.

இலவசமாகக் கிடைக்கும் பின்வரும் எழுத்துருக்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

• கவிவாணர்: இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கியது. தமிழும் உரோமமும் கொண்டது. கையெழுத்துச் சாயலில் வடிவமைப்பிலேயே சரிந்தது. அதாவது தள்ளிச் சரித்ததன்று; சரிவாகவே வரைந்தது.
• பலூ தம்பி: இந்தியாவின் ‘ஏக் டைப்’ குழுவினர் பல இந்திய எழுத்துகளுக்கு உருவாக்கிய ‘பலூ’ குடும்பத்தின் தமிழ் உறுப்பு. நேராக நிற்பது, மிகத் தடித்தது, முனைகள் உருண்டவை. இவ்வளவு தடிப்பிலும் உள்வெளி எவ்வாறு காப்பாற்றப்பட்டுள்ளது என்பதை இதிற் கவனிக்கலாம்.

முதலாவதிலிருந்து சரிவையும் இரண்டாவதிலிருந்து தடிப்பையும் கற்றுக்கொண்டால் இவ்விரண்டும் சேர்ந்த எழுத்தை உங்கள் கையாலேயே வரையலாம்.

8. வரையும் முறை

தேவையானவை: பிறிஸ்டல் போட் அல்லது தடித்த சித்திரக் கடதாசி, எச்பி பென்சில், அடிமட்டம், அழிறப்பர், போஸ்டர் கலர், தட்டை முனைத் தூரிகை.

படி 1: சொல்லைத் தெரிவு செய்க. இரண்டு முதல் நான்கு சொற்களுக்கு மேற்பட வேண்டாம்.

படி 2: 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு கிடைக்கோடுகளை மெல்லியதாக வரைக. புள்ளிக்கும் விசிறிக்கும் மேலே 2 செ.மீ., உகரக் குறிகளுக்கும் வால்களுக்கும் கீழே 2 செ.மீ. விடுக. பல மாணவர் இந்த இடத்தை விடாததாலேயே பின்னர் புள்ளி நெரிபடுகின்றது.

படி 3: கீழ்க்கோட்டில் 2 செ.மீ.க்கு ஒரு குறி இடுக. ஒவ்வொரு குறிக்கும் நேர் மேலுள்ள இடத்திலிருந்து 1 செ.மீ. வலப்பக்கம் தள்ளி மேற்கோட்டில் குறி இடுக. இரண்டையும் இணைக்க. 5 செ.மீ. உயரத்துக்கு 1 செ.மீ. விலகல் என்பது ஏறக்குறைய 11 பாகைச் சரிவாகும். பாகைமானி தேவையில்லை.

படி 4: வழிகாட்டிக் கோடுகளின் திசையில் எழுத்துகளை ஒற்றைக் கோட்டில் எழுதுக. இது எலும்புக்கூடு போன்றது. பிழை இருந்தால் இங்கேயே திருத்துக.

படி 5: கோட்டின் இருபுறமும் 4 மி.மீ. சேர்த்து 8 மி.மீ. தடிப்பாக்குக. ண, ஞ, ஐ, இ போன்றவற்றுக்கு 6 மி.மீ. போதும். வளைவுகளில் வீக்கமோ மெலிவோ இருந்தால் கண்ணால் பார்த்துத் திருத்துக.

படி 6: புள்ளிகளையும் கொம்புகளையும் தனியே ஒரு தடவை எண்ணுக. மூலச் சொல்லில் உள்ள எண்ணிக்கையுடன் ஒப்பிடுக.

படி 7: கடதாசியைச் சுவரில் சாய்த்து வைத்து 10 அடி நடந்து போய்க் கண்ணை அரைவாசி மூடிப் பார்க்க. எந்த எழுத்து கறுப்புக் கட்டியாகத் தெரிகின்றதோ அதன் உள்வெளியைத் திறக்க.

படி 8: நிறந்தீட்டுக. நிழல் இடுவதாயின் ஒரே பக்கத்தில் மட்டும் இடுக. நிழல் உள்வெளியை மூடுமாயின் நிழலையே விட்டுவிடுக.

9. எங்கே பயன்படுத்தலாம்? எங்கே தவிர்க்க வேண்டும்?

பொருத்தமான இடங்கள்: விளையாட்டுப் போட்டி, மலிவு விற்பனை, புதிய பொருளின் அறிமுகம், வாகனப் பெயர், சிறுவர் சஞ்சிகைத் தலைப்பு, கழகச் சின்னம்.

பொருத்தமற்ற இடங்கள்: நீண்ட பந்தி, மருந்துக் குறிப்பு, முகவரி, தொலைபேசி இலக்கம், அனுதாபச் செய்தி, அவசர வழிகாட்டிப் பலகை.

ஒரே பொருளுக்கே இரண்டு தீர்மானங்கள் வரலாம். மருதமுனைக் கைத்தறிச் சாறனுக்கு இரண்டு விளம்பரங்கள் வரையுங்கள். ஒன்றில் நெசவின் தரத்தைச் சொல்ல வேண்டும். நேரான, அமைதியான எழுத்து அதற்குப் பொருந்தும். மற்றொன்று மூன்று நாள் மலிவு விற்பனை. அங்கே தடித்த சரிவெழுத்து வரலாம். பொருள் மாறவில்லை, சொல்ல வந்த செய்தி மாறியது. எழுத்துருவைத் தீர்மானிப்பது செய்தியே.

அவசர வழிகாட்டிப் பலகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை நமது கரையைத் தாக்கியபோது உங்களிற் பலர் பிறந்திருக்கவில்லை. இலங்கையில் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே ஏற்பட்டது. உங்கள் வீட்டிலும் அந்நாளைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்பவர்கள் இருப்பார்கள். 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அதன் பின்னரே வந்தது.

‘ஆழிப்பேரலை: வெளியேறும் வழி’ என்று ஒரு பலகை வரையும்படி வினா வந்தால் என்ன செய்வீர்கள்? அவசரம் என்றவுடன் கை தானாகவே சரிவெழுத்துக்குப் போகும். நில்லுங்கள். அந்தப் பலகையை வாசிக்கப்போகின்றவர் நின்று வாசிக்க மாட்டார். ஓடிக்கொண்டிருப்பார்; ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் ஓடலாம். இருட்டாக இருக்கலாம். வயதானவராக இருக்கலாம். அவருக்கு வேகத்தைக் காட்ட வேண்டியதில்லை. வழியைக் காட்ட வேண்டும். எனவே எழுத்து தடிப்பாக, நேராக, நல்ல இடைவெளியுடன் நிற்கட்டும். ஓடும் மனித உருவமும் அம்புக்குறியும் அசைவைச் சொல்லும்.

இதனைப் பின்வருமாறு சுருக்கலாம். கவனத்தைக் கேட்பதற்குச் சரிவு உதவும். ஏற்கெனவே முழுக் கவனத்தோடு இருப்பவருக்குச் சரிவு தேவையில்லை.

10. மும்மொழிப் பலகைகள்

1987 இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். நமது வீதிகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே பலகையில் வருகின்றன. ஆங்கிலத்துக்கு உண்மையான தடித்த சரிவெழுத்தைத் தெரிவு செய்துவிட்டு, சிங்களத்தையும் தமிழையும் பொத்தானை அழுத்தித் தள்ளிச் சரித்தால் என்ன நடக்கும்? ஒரு மொழி ஓடும். மற்ற இரண்டும் விழப்போவது போல் தெரியும். சில பலகைகளில் தமிழ் வரி சிறுத்து, புள்ளியின்றி, பிழையாகவும் வருவதைக் கண்டிருப்பீர்கள். பலகையை வரைபவர் தமிழ் எழுத்தை அறியாவிட்டால் அவ்வாறுதான் வரும். நாளை அந்தத் தொழிலுக்குப் போகக்கூடியவர்கள் நீங்கள். மூன்று மொழியும் ஒரே தடிப்பாகவும் ஒரே தெளிவாகவும் தெரியும்படி அமைப்பதே நல்ல வடிவமைப்பு. ஒரு மொழிக்குச் சரிந்த எழுத்து நன்றாக அமையாவிட்டால் மூன்றையும் நேராக நிறுத்துவதே முறையாகும்.

11. மாதிரி வினா விடை

வினா 1: தலைப்பு எழுத்துருவுக்கும் வாசிப்பு எழுத்துருவுக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
விடை: தலைப்பு எழுத்துரு சில சொற்களைப் பெரிதாகக் காட்டிக் கவனத்தை ஈர்ப்பது, வாசிப்பு எழுத்துரு நீண்ட பந்திகளைக் களைப்பின்றி வாசிக்க உதவுவது. தலைப்பு எழுத்துருவில் தடிப்பு, சரிவு, அலங்காரம் ஆகியன தூக்கலாக அமையலாம். வாசிப்பு எழுத்துருவில் அவை அடக்கமாக இருக்கும்.

வினா 2: போலிச் சரிவு என்றால் என்ன? தமிழில் அதன் பாதிப்பு யாது?
விடை: சரிந்த வடிவம் வரையப்படாத எழுத்துருவை இயந்திர ரீதியாகத் தள்ளிச் சரிப்பது போலிச் சரிவு ஆகும். தமிழ் எழுத்துகள் வளைவுகள் நிறைந்தவை என்பதால் கோட்டுத் தடிப்பு சில இடங்களில் கூடியும் சில இடங்களில் குறைந்தும் எழுத்தின் சீர் கெடுகின்றது.

வினா 3: கடற்கரைக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி ஒன்றுக்கான சுவரொட்டியின் எழுத்தமைப்பைத் திட்டமிட்டுக் காரணம் கூறுக.
விடை: போட்டியின் பெயர் தடித்த சரிவெழுத்தில் அமையும். வேகத்தையும் போட்டி உணர்வையும் அது தரும். திகதி, நேரம், இடம் ஆகியன நேரான தடித்த எழுத்தில் அமையும். அவை பிழையின்றி வாசிக்கப்பட வேண்டிய தகவல்கள். விதிமுறைகள் சாதாரண வாசிப்பு எழுத்தில் சிறிதாக அமையும். ஒரே சுவரொட்டியில் இரண்டு வகை எழுத்துகளுக்கு மேல் பயன்படுத்தாததால் ஒருமைப்பாடு பேணப்படும்.

குறிப்பு: மூன்றாவது விடையைக் கவனியுங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்குப் பின்னும் காரணம் வந்துள்ளது. ‘அழகாக இருக்கும்’ என்பது காரணம் அன்று.

பயிற்சி: ‘வெள்ளம் வருமுன் காப்போம்’, ‘பெருநாள் மலிவு விற்பனை’ ஆகிய இரு தலைப்புகளுள் தடித்த சரிவெழுத்துக்குப் பொருந்துவது எது? இரண்டையும் வரைந்து ஐந்து வரிகளில் காரணம் எழுதுக. அதன் பின் உங்கள் வீதியிலுள்ள மூன்று பெயர்ப்பலகைகளைப் பார்த்து, புள்ளி, கொம்பு, சுழி ஆகியவற்றில் எது தெளிவில்லை எனப் பட்டியலிடுக.

நினைவிற் கொள்க

• தடிப்பு பலத்தையும் சரிவு வேகத்தையும் தரும்.
• சில சொற்களுக்கு மட்டும் பயன்படுத்துக.
• தடிப்பாக்கும்போது உள்வெளியைக் காக்க.
• புள்ளி அலங்காரம் அன்று, எழுத்தின் உறுப்பு.
• 5 செ.மீ. உயரத்துக்கு 1 செ.மீ. சரிவு.
• உயிர் காக்கும் பலகையில் எழுத்து நேராக நிற்கட்டும்.

மாணவர்களே, இப்பாடத்தை வாசித்ததோடு நிறுத்த வேண்டாம். இன்று மாலையே ஒரு கடதாசியை எடுத்து உங்கள் ஊரின் பெயரை இம்முறையில் வரைந்து, உங்கள் வாப்பாவிடமோ உம்மாவிடமோ தூரத்தில் நின்று வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கண்ணைச் சுருக்காமல் வாசித்தால் உங்கள் எழுத்து வெற்றி பெற்றது. அவர்கள் தடுமாறும் எழுத்து எதுவோ, நாளை முதலில் பழக வேண்டியது அதுவே.